பொட்டு பெட்டிக்கு மட்டும்

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். பக்கத்துத் தொகுதியில் இடைத்தேர்தல். மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் எல்லோரும் தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும். நான் வாக்காளர்களைச் சுடக்கூடும் என்று அரசு அஞ்சுகிறது. முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை செய்தவன் நான். சுட வேண்டும் என்றால் அப்போதே நல்ல சந்தர்ப்பங்கள் வாய்த்தன.

போட்டிக்குச் சுடுபவர்களுக்கு விலக்கு உண்டாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. பர்னபாஸ் விண்ணப்பித்து வாங்கிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மாதம் டீக்கடையில் ஏதோ விலக்கு, விண்ணப்பம் என்று சொன்னார். அதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது.

பர்னபாஸ் பல் மருத்துவர். ரைபிள் கிளப்பில் எனக்குப் பக்கத்துத் தடத்தில் சுடுபவர். ஞாயிறுதோறும் பயிற்சி முடிந்ததும் இருவரும் ஒன்றாக டீ குடிப்போம். மாநிலப் போட்டியில் மூத்தோர் பிரிவுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். தேர்வு நவம்பர் 24. அந்த ஒருவர் நான் அல்லது அவர். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதியது தற்செயல்.

ஸ்டேஷனில் பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. "பெட்டியெல்லாம் வெக்க எடமில்லைங் சார். துணில சுத்திச் சீட்டுக் கட்டி வெச்சுருவோம்" என்றார் ரைட்டர். சீட்டுக் கட்டிய பெண் காவலர் சத்தியபாமா, என் மனைவியிடம் எட்டாம் வகுப்பு படித்தவளாம். "டீச்சர் எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டாள். என் ரிவால்வரைப் பழைய வேட்டித் துணியில் கொழுக்கட்டை மாதிரி சுற்றினாள். காலிப் பெட்டியோடு வீடு திரும்பினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

கை தளர்ந்துவிடக் கூடாது என்று இஸ்திரிப் பெட்டியை நீட்டிய கையில் பிடித்து, சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சட்ட எங்கீங் சார்?" என்று கேட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. என் மனைவி கோகிலவாணி, ஸ்கூட்டர், மிக்சி, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ரிவால்வர் விஷயத்தில் எங்களுக்குள் பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு: பொட்டு பெட்டிக்கு மட்டும். துப்பாக்கிமேல் ஒரு துளி படக் கூடாது. அதன் உள்வேலை அப்படி. தலைமுடி அளவுக்குத் தேய்த்து மெருகேற்றிய இரண்டு எஃகு விளிம்புகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நாம் விசையை அழுத்தும்போது அவை விலகுகின்றன. அந்த இடத்தில் தூசி போனாலே தொல்லை. சந்தனம் போனால் சமாதிதான்.

இந்த வருடம் பெட்டி காலி. "உள்ள ஒண்ணும் இல்லாத பெட்டிக்குப் பொட்டு வெச்சு என்னுங்க ஆவப் போகுது? போட்டி இருக்கற வருசம் பாத்துப் பூசை இல்லீன்னா எப்படி?" என்று முணுமுணுத்தாள். ஆயுதங்களுக்கு ஜாதகம் கிடையாது என்று விளக்கினேன். பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாவிட்டால் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள்.

மாலையில் கோயிலுக்கு என்று கிளம்பினாள். கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. கோயிலிலேயே சந்தனம் உண்டே என்று தோன்றியது, கேட்கவில்லை. திரும்பும்போது ஒரு பெரிய பை நிறையப் பொரியும் கடலையும். வழியில் சத்தியபாமாவைப் பார்த்தாளாம், நன்றாக இருக்கிறாளாம். பொரி நமுத்திருந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

ரிவால்வர் கிடைத்தது. ரைட்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பத்தரமாப் பாத்துக்கிட்டோமுங் சார், ஒங்களுத மட்டும் தனியா" என்றார். தனியாக ஏன்?

வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்தேன். வெளியே பளிச்சென்று இருந்தது. நான் கொடுத்தபோது இவ்வளவு பளிச்சென்று இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள். தணிக்கையில் நாங்கள் முதலில் பார்ப்பது சுத்தமான மேசையைத்தான். மெல்லிய வாசனை வேறு. ஸ்டேஷனில் ஊதுபத்தி ஏற்றுவார்கள் போலிருக்கிறது. அங்கே வருகிறவர்களை நினைத்தால் அது நியாயமே.

நவம்பர் 3, ஞாயிறு

என் சந்தேகம் சரி.

சுடுதளத்தில் முதல் குண்டுக்குக் கட்டை விரலால் ரிவால்வரின் பின்பக்கச் சுத்தியைப் பின்னுக்கு இழுத்தேன். வழக்கமாகக் 'கிளிக்' என்று உட்காரும். இன்று முனகிக்கொண்டு உட்கார்ந்தது. விசையை அழுத்தினேன். மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் விடவேண்டிய விசை, மணலில் கதவை இழுப்பதுபோல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. எப்போது விடும் என்று அதற்கே தெரியவில்லை. குண்டு வட்டத்தை விட்டு வெளியே போனது. இருபது வருடமாக என் குண்டு வட்டத்தை விட்டு வெளியே போனதில்லை. இரண்டு மூன்று முறை போயிருக்கலாம்.

பர்னபாஸ் தம் தடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னுங்ணா, டிரிகரு கோவிச்சுக்கிச்சா? குடுங்க, ஒருக்காப் பாக்கறேன்."

கொடுக்கவில்லை. பழுது இருக்கும் இடம் அவருக்கு எப்படித் தெரிந்தது? கண் என்றிருக்கலாம், கை என்றிருக்கலாம். நேராக டிரிகர் என்றார்.

இன்று டீக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

விசாரித்ததில் தெரிந்தவை. அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு அக்டோபரில் வேர் சிகிச்சை செய்தது பர்னபாஸ். அதாவது இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்துகொண்டு, மரத்துப்போய், எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாத நிலையில் பர்னபாஸின் நாற்காலியில் படுத்திருந்தார். அந்த நேரத்தில் என்னென்ன பேசி முடித்திருப்பார்கள் என்பதை யார் அறிவார்?

மேலும், நுண்ணிய வேலைக்கான கருவிகள் எங்கள் கிளப்பில் வேறு யாரிடம் இருக்கின்றன? கொக்கி, குச்சி, குட்டிக் கண்ணாடி, விளக்கு. ஒரு ரிவால்வரின் வயிற்றுக்குள் எதையும் உடைக்காமல் கை வைத்துக் கெடுக்க, பல் மருத்துவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

கோகிலவாணியிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "அந்த மனுசன் ஏனுங்க அப்படிப் பண்றாரு? வேற ஏதாச்சும் இருக்கும். தொறந்து பாருங்க" என்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. பர்னபாஸ் அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியவர். பாசம் இருக்கத்தானே செய்யும்.

திறக்க முடியாது. பக்கத் தகட்டைக் கழற்றி நான் என்றைக்கும் பார்த்ததில்லை. வாங்கிய நாள் முதல் வெளியிலிருந்து எண்ணெய் விடுவதோடு சரி. இதை இங்கே எழுதியதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி

எண்ணெய் விட்டேன். மோசமானது. இப்போது மணல் இல்லை, சேறு.

வேறு வழியில்லாமல் ஒரு சிறு சீரமைப்புச் செய்தேன். பிடியின் முன்பக்கம் இருக்கும் சின்னத் திருகுதான் உள்ளே இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் விசை இலேசாகும். தளர்த்தினேன். போதவில்லை. இன்னும் தளர்த்தினேன்.

என் துப்பாக்கி, என் திருகு. மற்றவர்கள் செய்தால்தான் அதற்கு வேறு பெயர்.

நவம்பர் 10, ஞாயிறு

விசை எடை பார்த்தேன். எங்கள் போட்டியில் ஒரு கிலோவுக்குக் குறைவான விசை செல்லாது. ரிவால்வரை மேல்நோக்கிப் பிடித்து, விசையில் ஒரு கிலோ எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள். சுத்தி விழாமல் கல் மேலே வந்தால் தேர்ச்சி. என்னுடையது கல்லைத் தூக்கியது. எல்லாம் விதிப்படி.

அதன்பின் செயலாளர் திருமூர்த்தியைத் தனியே பார்த்துப் புகாரைக் கொடுத்தேன். நூல் மில் வைத்திருப்பவர். தாளை இரண்டு முறை படித்தார்.

"நம்ம டாக்டரைங்களா சொல்றீங்க?"

"தாளில் இருப்பதைத்தான் சொல்கிறேன்."

"இது நெசமாயிருந்தா அவரு கிளப்பு வாசல மிதிக்க முடியாதுங்க. ஆயுளுக்கும். நெனச்சுத்தான் குடுக்கறீங்களா?"

முப்பது வருடத்தில் நான் எழுப்பிய எந்த ஆட்சேபத்தையும் நினைக்காமல் எழுப்பியதில்லை என்றேன். தேர்வு நாளன்று கமிட்டி கூடும்போது எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவரை யாருக்கும் தெரியாது என்றார். கோயம்புத்தூரில் 'யாருக்கும் தெரியாது' என்றால் சாயங்காலம் வரைக்கும்.

நவம்பர் 14, வியாழன்

பர்னபாஸ் போன் செய்தார். "அண்ணா, நாளைக்கு ரிவால்வர எடுத்துக்கிட்டுக் கிளினிக்குக்கு வாங்க. ஒங்க கண்ணு முன்னாடியே தொறந்து பாத்துரலாம்."

'ஒங்க கண்ணு முன்னாடியே.' இப்படி ஏன் சொல்ல வேண்டும்?

போகிறேன். குற்றவாளி தடயத்தைத் தானே தேடி வந்து அழிப்பான் என்று படித்திருக்கிறேன். அருகில் இருந்து பார்த்தால் பிடித்துவிடலாம்.

நவம்பர் 15, வெள்ளி

கடைசி நோயாளி போனபின் ரிவால்வரை நாற்காலியில் கிடத்தினார். மேலே பெரிய விளக்கு. தலைக்கு நீலத் தாள் வேறு விரித்தார். நர்ஸ் ஸ்டெல்லாவை வீட்டுக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். சாட்சிக்கு ஆள் வைப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் வாய்விட்டுச் சொன்னார்: "இது முன் திருகு. உங்க கையில வெச்சுக்குங்க. இது நடுத் திருகு. உங்க கையில." திருகுகளை எல்லாம் நானே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் தம் பக்கம் வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை எச்சரிக்கை நிரபராதிக்கு எதற்கு என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

பிடிக்கு வந்தபோது அவர் கை நின்றது.

"இந்தத் திருகு நல்லா லூசா இருக்குதுங்ணா. இறுக்கி வெச்சரட்டுங்களா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் பார்த்தாள். "சரிங்ணா" என்றார்.

பக்கத் தகடு வந்தது. உள்ளே, சுத்தியும் விசையும் பிடித்துக்கொள்ளும் அந்த இடத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று பிசின்போல் ஏதோ அப்பியிருந்தது. சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்து, கொக்கியால் கொஞ்சம் சுரண்டி எடுத்தார். முகர்ந்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்ட மாதிரி தெரிந்தது.

"இத வீட்டுல அக்காகிட்டக் காட்டுங்க" என்று பஞ்சில் ஒற்றிக் கொடுத்தார். மிச்சத்தையெல்லாம் சுரண்டி, கழுவி, காற்று அடித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். வாய் கொப்பளிக்கச் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி.

சிவப்பு நிறமுள்ள, பிசுபிசுக்கும், எஃகைக் கெடுக்கும் ரசாயனங்கள் எவை என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் 16, சனி

ரசாயனம் தெரிந்துவிட்டது. பஞ்சைப் பார்த்ததும் கோகிலவாணி சொன்னாள்: "குங்குமமுங்க."

பிறகு உட்கார்ந்தாள். ஆயுத பூஜையன்று கோயிலுக்குப் போகவில்லை, ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கேயும் பூஜை. லத்தி, துப்பாக்கி, ஜீப், வாக்கி டாக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு. 'சார் போட்டிக்குப் போறாரு, அவரோடதுக்கும் வெச்சிரும்மா, ஆனாப் பெட்டிக்கு மட்டும்' என்று சத்தியபாமாவிடம் சந்தனக் கிண்ணத்தோடு குங்குமத்தையும் கொடுத்திருக்கிறாள்.

"பெட்டி இங்கல்ல இருந்துச்சு!" என்றேன்.

"அது எனக்கு எப்படீங்க தெரியும்? பூசையறையில இருந்தது பழைய பெட்டின்னு நெனச்சேன். மனசு கேக்காம நேத்து அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். 'பெட்டியக் காணமுங் டீச்சர், அதான் சாருக்குக் கொறை வெக்கக் கூடாதுன்னு துப்பாக்கிக்கே நல்லாத் தாராளமா வெச்சேன், ஓட்டைக்கெல்லாங்கூட வெச்சேன்'ங்கறா. குடுக்கறப்ப ஈரத் துணில தொடச்சும் குடுத்திருக்கறா, பாவம்."

சுத்தி ஏறி இறங்கும் சந்தில் குங்குமம். அதன்மேல் ஈரத் துணி. அதன்மேல் என் எண்ணெய்.

"அப்ப டாக்டர் மேல குடுத்தத வாங்கிருங்க" என்றாள். புகார் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை திருமூர்த்தியைப் பார்க்கலாம்.

நவம்பர் 17, ஞாயிறு

இப்படி ஒரு விசையை என் வாழ்நாளில் தொட்டதில்லை. நினைத்தவுடன் விடுகிறது; சில சமயம் நினைப்பதற்குச் சற்று முன்பே. குண்டுகள் எல்லாம் நடுவட்டத்தில் குடும்பமாக உட்கார்ந்துவிட்டன. பர்னபாஸ் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "எடக்கல்லு போட்டுப் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டார். போன வாரமே பார்த்தாயிற்று என்றேன். நன்றாகச் சுடுகிறவனைக் கண்டால் சிலருக்குப் பொறுக்காது.

நவம்பர் 18, திங்கள்

திருமூர்த்தி மில்லில் இருப்பார். தொந்தரவு செய்ய வேண்டாம்.

நவம்பர் 21, வியாழன்

நிலுவையில் புகார் இருப்பவரை மாநிலப் போட்டிக்கு அனுப்பலாமா என்று கிளப் விதிகளைப் பார்த்தேன். அனுப்ப முடியாது. பொது அறிவுக்காகப் பார்த்தேன்.

கோகிலவாணி இரண்டு நாளாகப் பேசவில்லை. இதற்கு என்ன பொருள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அது தவறாக இருக்கலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து நடுவர் வந்திருந்தார், குட்டையான, சிரிக்காத அம்மாள். ரிவால்வரை வாங்கிச் சுத்தியை இழுத்து, விசையில் எடைக்கல்லை மாட்டித் தூக்கினார்.

கல் மேசையை விட்டு எழவே இல்லை. சுத்தி 'டக்' என்று விழுந்தது.

மறுபடி தூக்கினார். மறுபடி 'டக்'. அறை முழுக்கக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் கணக்கு நேரானது. குங்குமம் இருந்தபோது விசை கனம். கனத்தைக் குறைக்கத் திருகைத் தளர்த்தினேன். பர்னபாஸ் குங்குமத்தை எடுத்துவிட்டார். தளர்ந்த திருகு அப்படியே இருக்கிறது. பத்தாம் தேதி அந்தக் கல்லைத் தூக்கியது என் ரிவால்வர் அல்ல, சத்தியபாமாவின் குங்குமம்.

"யாரு இதுல கை வெச்சது?" என்றார் அந்த அம்மாள்.

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "போன வாரம் டாக்டர் கிளினிக்குல தொறந்தாங்களாமுங்க. அவரு மேல இதே ரிவால்வரக் கெடுத்ததா ஒரு புகாரும் இருக்குது." எல்லோரும் பர்னபாஸைப் பார்த்தார்கள். பர்னபாஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். 'அவர்தான் அப்படியே இருக்கட்டும் என்றார்' என்று ஒரு வாக்கியம் போதும். ஸ்டெல்லாகூடச் சாட்சி. சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

நான் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கமிட்டி கூடும், அவர் கிளப்பை விட்டுப் போவார், அடுத்த ஞாயிறு பக்கத்துத் தடம் காலியாக இருக்கும். முப்பது வருடத்தில் நான் பிடித்த ஆட்கள் யாரும் பொய் சொல்லி மாட்டியவர்கள் அல்லர். பேசாமல் இருந்து மாட்டியவர்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே முகம் இருக்கும். எடைக்கல்லின் பித்தளையில் அந்த முகம் தெரிந்தது.

"நான்" என்றேன்.

"என்ன நான்?"

"திருகைத் தளர்த்தினது நான். டாக்டர் இறுக்கட்டுமான்னு கேட்டாரு. நாந்தான் வேண்டாம்னேன்."

திருமூர்த்தி, "அப்ப அந்தப் புகாருங்க?" என்றார்.

"உள்ளே இருந்தது குங்குமம். எங்க வீட்டுக் குங்குமம்."

ஈரோட்டு அம்மாள் அப்போதும் சிரிக்கவில்லை. போட்டி தொடங்குவதற்கு முன் சரி செய்தால் ஒரு முறை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். என்னிடம் திருப்புளி இல்லை. முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று நீண்டது. பர்னபாஸ்.

"நீங்களே இறுக்குங்க" என்றார் மெதுவாக. "நாந் தொட மாட்டேன்."

இறுக்கினேன். கல் எழுந்தது. சுட்டேன். அந்த விசை எனக்குப் பழக்கமில்லாத விசையாகிவிட்டது. குண்டுகள் ஊரெல்லாம் போயின. பர்னபாஸ் என்னைவிட நன்றாகச் சுட்டார். இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வழக்கம்போல் யோசித்தேன். நன்றாகச் சுடுகிறார், அவ்வளவுதான்.

பிறகு டீக்கடையில் கேட்டேன்: "புகார் எப்பத் தெரியும்?"

"நீங்க குடுத்த அன்னிக்குச் சாயங்காலமுங்ணா."

"அப்புறம் ஏன் தொறந்து பாத்துக் குடுத்தீங்க?"

"எம் பேரக் காப்பாத்த வேற வழி? ஒங்க வாயத் தொறக்கறதவிட அது சுளுவுங்ணா." டீயை உறிஞ்சிவிட்டு, "கடன் ஒண்ணும் இல்ல. வடைக்கு மட்டும் சொல்லுங்க" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

திருமூர்த்தி புகாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து படித்தேன். 'போட்டி ஆயுதத்தின் விசையானது, தகுதியற்ற ஒருவரால், முடிவைத் தமக்குச் சாதகமாக்கும் நோக்கத்துடன், எவருக்கும் தெரிவிக்காமல் திருத்தப்பட்டுள்ளது.' நன்றாக எழுதியிருக்கிறேன். ஒரு சொல்கூடத் தவறில்லை. வாபஸ் வாங்கும்படி அதில் எதுவும் இல்லை. பெயரை மட்டும் அடித்துவிட்டு மேலே என் பெயரை எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். நாளை கொடுக்க வேண்டும். ஆறு மாதமாவது தடை இருக்கும்.

கோகிலவாணி வாங்கிப் படித்தாள். ஆறு நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"தகுதியற்ற ஒருவரால்னு இருக்குதுங்க. கணக்குப்படி மூணு பேரு. நானு, சத்தியபாமா, நீங்க. எங்களையும் சேத்துங்க, ஒத்தையாப் பேரு வாங்காதீங்க."

முடியாது என்றேன். அவர்கள் இருவரும் நான் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தார்கள்.

"நீங்க என்ன நெனச்சீங்க?" என்றாள்.

பேனாவை மூடி வைத்தேன்.